ஒரே வெட்டு

கத்தி விழும் சத்தம் நான்கு முறை கேட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து முதலில் ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. பிறகு அவசர அவசரமாக இரண்டு. சுற்றியிருந்த மேசைகளில் யாரும் தலையைத் தூக்கவில்லை. கறிக்கடைக்காரி மட்டும் சூப்பை வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டாள். பதினான்கு வருடமாக வெட்டுக்கட்டையின் முன்னால் நிற்கிறவள் அவள். கத்தி மரத்தில் இறங்கினால் எப்படிக் கேட்கும், கறியில் இறங்கினால் எப்படி, எலும்பில் இறங்கினால் எப்படி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். இப்போது கேட்டது மரம் இல்லை.

"தம்பி, அது என்ன சத்தம்?"

எதிரில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் சூப்பு எலும்பை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னான். "பூதம் கேக் வெட்டுது அண்ணி. பொறந்தநாள் பிள்ளைங்களுக்காக மணிக்கு ஒரு தடவ. வாசல்ல எழுதிப் போட்டிருந்தானே, பாக்கலயா?"

"கேக்குக்கு எதுக்கு நாலு வெட்டு?"

"ஆளுக்கு ஒரு துண்டு வேணாமா? லீவு நாள்லயும் கடையக் கட்டிக்கிட்டு அழணுமா நீங்க?"

கணவன் சிரித்தான். மகள் சுண்டெலியும் சேர்ந்து சிரித்தாள். இன்றைக்கு அவளுக்கு எட்டு வயது. தலையில் காகிதக் கிரீடம், முன்பல் இரண்டு இல்லை. இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று ஆறு மாதமாகப் பிடுங்கி எடுத்து, கடைசியில் இன்று காலை வியாபாரம் முடிந்த கையோடு கடையைச் சாத்திவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார்கள். வாசலில் பையைச் சோதித்த காவலாளி உள்ளங்கை அகலச் சாணைக்கல் ஒன்றை வெளியே எடுத்து என்ன இது என்று கேட்டபோது, "மத்த பொம்பளைங்க பையில சீப்பு இருக்கும், இவ பையில இது இருக்கும்" என்று கணவன் சொல்லிச் சமாளித்தான். அவனுக்கென்ன, கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவன். கத்தி பிடிக்கிறவளுக்குத்தான் கல்லின் அருமை தெரியும்.

உணவகத்துக்குப் பெயர் பூதத்தின் அடுக்களை. அடுப்பின் வாய் மாதிரி செய்த வாசலுக்குள் குனிந்து நுழைந்தால் உள்ளே ஒரு ஜன்னல்கூட இல்லை. நடுமதியத்திலும் சிவப்பு விளக்கு, சுவரெல்லாம் துடுப்பு நீளக் கரண்டிகள், கவிழ்த்துப் போட்ட தவலைகள்தான் மேசைகள், எங்கேயோ ஒளித்து வைத்த ஒலிபெருக்கியிலிருந்து விறகு வெடிக்கும் சத்தம் விடாமல் வந்துகொண்டே இருந்தது. பொரிக்கிற எண்ணெய் வாசனையும் காய்ச்சின சர்க்கரை வாசனையும் மூக்கை அடைத்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. அவள் தன் கையை முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சை தேய்த்து மூன்று தடவை கழுவின கை அது. கையிலிருந்து வரவில்லை.

பக்கத்து மேசையில் ஒரு தம்பதி. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள். சத்தம் நின்று எவ்வளவோ நேரம் ஆகியும் கையை எடுக்கவில்லை. மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு காகிதக் கிரீடம்.

பிள்ளை கை கழுவப் போயிருக்கும் என்று கறிக்கடைக்காரி நினைத்துக்கொண்டாள்.

கோழி வர நேரம் ஆனது. கையைக் கழுவலாம் என்று எழுந்து போனவள், போகிற வழியில் திரை கொஞ்சம் விலகியிருப்பதைப் பார்த்தாள். எட்டிப் பார்க்காமல் இருக்க அவளால் முடியுமா? எட்டிப் பார்த்தாள்.

பூதம் இரண்டு மாடி உயரத்துக்கு உட்கார்ந்திருந்தது. துணியும் கம்பியும்தான். தாம்புக்கயிற்றில் தாடி, சைக்கிள் சக்கரம் அளவுக்குக் கண்கள், உள்ளே காற்றடித்து வைத்த வயிறு உஸ்ஸென்று ஏறி உஸ்ஸென்று இறங்கியது. இடது கை மடியில் கிடந்தது. வலது கையில் கதவுப்பலகை நீளத்துக்கு ஒரு வெட்டுக்கத்தி. கத்தி மட்டும் நிஜ இரும்பு.

"வாங்கம்மா" என்றது ஒரு குரல். வெள்ளை ஏப்ரன் கட்டின பரிமாறுகிறவர் ஒரு வாளியோடு நின்றுகொண்டிருந்தார். நரைத்த மீசை, பணிவான முகம். "பொறந்தநாள் பாப்பாவோட அம்மாதானே? அடுத்த மணிக்கு உங்களுக்குத்தான்."

அவள் கை தன்பாட்டில் கத்தியின் வாயைத் தடவிப் பார்த்தது. தடவினதும் எரிச்சல் வந்துவிட்டது. எத்தனை வருடமாகக் கல்லைக் காணாத இரும்பு இது! வாய் முழுக்க மடங்கி, பல் பல்லாக உதிர்ந்து, ரம்பத்துக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

"மொண்ணைக் கத்தி! இத வச்சா வெட்டுறீங்க? நசுங்கிக் கூழாயிடாது?"

"நசுங்கத்தான் செய்யுதும்மா. பாக்கவே சகிக்காது." அவர் வாளியைக் கீழே வைத்தார். "நாங்க என்னம்மா பண்றது? தீட்டத் தெரிஞ்சவங்க யாரும் இந்தப் பக்கம் வர்றதில்ல."

சுண்டெலி வாரக்கணக்கில் கனவு கண்ட கேக். அது நாலு வெட்டில் நசுங்கிப் பிதுங்கி வந்தால் பிள்ளையின் முகம் எப்படிப் போகும்! கறிக்கடைக்காரி தோளில் தொங்கின பையைத் திறந்தாள். கல்லை எடுத்தாள். வாளியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு கத்தியின் மேல் குனிந்தாள்.

வேலை கைக்கு வந்துவிட்டால் அவளுக்கு உலகம் மறந்துவிடும். மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு, கல்லில் சாம்பல் நிறச் சேறு கட்டக் கட்ட வழித்து எறிந்துவிட்டு மறுபடி ஒரு இழுப்பு. பல் எல்லாம் தேய்ந்து, வாய் நேராகி, இரும்பின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு வெளிச்சம் ஓட ஆரம்பித்தது. முழங்கை மயிரை வைத்துப் பார்த்தாள். தொட்டதும் விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தீட்டின நேரம் முழுக்க அந்த உஸ் சத்தம் கேட்கவே இல்லை. அண்ணாந்து பார்த்தாள். வயிறு மறுபடி மெதுவாக ஏறியது.

"இப்ப ஒரே வெட்டு. வெண்ணெய் மாதிரி இறங்கும்" என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். "நல்லா இருக்கணும்மா நீங்க."

திரும்பும்போதுதான் வெட்டுக்கட்டையைப் பார்த்தாள். கட்டில் அகலத்துக்கு இருந்தது. நடுவில் குழிந்திருந்தது. வெட்டி வெட்டி வருகிற குழி. அவள் கடைக்கட்டையிலும் அதே குழி, அதே இடத்தில் உண்டு. கேக் வெட்டினால் குழி விழாது. குழிக்குள் கல்லுப்பு போட்டுத் தேய்த்திருந்தது. இரத்தம் ஊறின கட்டை நாறாமல் இருக்க ராத்திரி கடை சாத்தும்போது அவளும் அதைத்தான் செய்கிறாள்.

கோழி வெட்டுவார்களாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

பக்கத்து மேசைக்காரி அவள் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாம்பல் நிறச் சேற்றைப் பார்த்தாள். காதிலிருந்து கையை எடுத்தாள்.

"தீட்டினீங்களா?"

"ஆமா. கேக் நசுங்கிடக் கூடாதுல்ல."

அவள் கறிக்கடைக்காரியின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "குடுத்து வச்ச குழந்த" என்றாள். "எங்களுக்கு நாலு தடவ."

கறிக்கடைக்காரி தன் மேசைக்கு ஓடினாள்.

"என்னங்க, எழுந்திரிங்க. கிளம்பலாம்."

"இப்பதான கோழி வந்திருக்கு?"

"சொன்னா கேளுங்க! பிள்ளையத் தூக்குங்க."

"கேக் வெட்டாம நான் வரமாட்டேன்" என்று சுண்டெலி காலை உதைத்தாள். கொழுந்தன் அவளை மடியில் இழுத்துக்கொண்டான். "அண்ணிக்கு என்னமோ ஆயிடுச்சு. ரெண்டு வாய் சாப்பிடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்."

அவள் வாசலைத் தேடினாள். அடுப்பின் வாய் இருந்த இடத்தில் இப்போது ஒரு இரும்பு ஷட்டர். அதன் மேல் நெருப்பு வரைந்திருந்தது. தள்ளிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். மறுபக்கம் ராட்டினத்தின் பாட்டும் பிள்ளைகளின் கூச்சலும் வெயிலும் இருந்தன. யாருக்கும் கேட்கவில்லை.

"காட்சி முடிஞ்சதும் தானாத் திறக்கும்மா" என்றார் பரிமாறுகிறவர்.

மணி அடித்தது.

போன தடவை மூடியே கிடந்த மேடைத்திரை இப்போது விலகியது. எல்லா மேசையிலிருந்தும் கைதட்டல். விறகு வெடிக்கும் சத்தம் நின்றுபோனது. அந்த உஸ் மட்டும், ஏறி, இறங்கி. கட்டை துடைத்துச் சுத்தமாக இருந்தது. கேக் இல்லை.

"கேக் எங்க?" என்று கத்தினாள். "கேக் எங்கய்யா?"

அவள் மேசைக்கு ஓடி வருவதற்குள் பரிமாறுகிறவர் சுண்டெலியின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார். கணவன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே பின்னால் போனான். கொழுந்தனுக்கு எப்போதும் குறும்புதான். ஒரே தாவலில் மேடை ஏறி, கட்டையின் குழியில் கழுத்தை வைத்து, நாக்கைத் துருத்திக் காட்டினான்.

"அண்ணே, முதல்ல எனக்கு ஒரு போட்டோ!"

"தம்பி, எந்திரி!"

"பயந்துட்டாங்க பாரு அண்ணி..."

ஒரே வெட்டு.

வெண்ணெய் மாதிரிதான் இறங்கியது. அவள் கேட்டுப் பழகின சத்தம். சுத்தமான, இழுபறியில்லாத, கைதேர்ந்த ஆள் வெட்டின சத்தம். தலை உருண்டு தாடிக்கயிற்றில் சிக்கி நின்றது. நாக்கு இன்னும் துருத்தியபடியே இருந்தது. உடம்பு இரண்டு முறை காலை உதைத்தது. இரத்தம் கட்டையின் குழியை நிறைத்து, ஓரம் வழிந்து, முன்வரிசை மேசைவிரிப்பில் தெறித்தது.

எல்லாரும் கை தட்டினார்கள். நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று யாரோ ஒருவர் சொன்னார்.

கணவனின் கைப்பேசி கீழே விழுந்தது. அவன் அலறிக்கொண்டு மகளிடம் பாய்ந்தான். அதற்குள் பூதத்தின் இடது கை மடியை விட்டு எழுந்து வந்துவிட்டது. அவசரமே இல்லாமல் வந்தது. தலையணை மாதிரி மெத்தென்ற ஐந்து விரல்கள் சுண்டெலியை இடுப்போடு வளைத்துத் தூக்கிக் கட்டையின் மேல் படுக்க வைத்தன. கணவன் விரல்களைப் பிடித்து இழுத்தான். கடித்தான். சுண்டுவிரல் கொஞ்சம் அசைந்தது. அவன் மேடையின் மறுகோடிச் சுவரில் போய் மோதினான். மண்டை பிளந்த சத்தமும் அவளுக்குத் தெரிந்த சத்தம்தான். அவன் எழுந்திருக்கவில்லை.

அவள் மேடை ஏறினாள். விரலைப் பிராண்டினாள். துணிக்குள் கம்பி. கம்பிக்குள் ஏதோ துடித்தது. கல்லை ஓங்கிப் பரிமாறுகிறவரின் நெற்றியில் அடித்தாள். இரத்தம் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. கீழே விழுந்த கல்லைக் குனிந்து எடுத்து, ஏப்ரனில் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"உங்க கொழுந்தன் எலும்பு கெட்டிம்மா. கத்தி வாய் மடங்கிடுச்சு."

அவள் பார்த்தாள். நிஜம்தான். நடுவில் ஒரு நகம் அளவுக்கு மடங்கியிருந்தது.

"என்னை வெட்டச் சொல்லு. என்னைப் போடு. அவள விட்டுடு."

"பொறந்தநாள் உங்களுக்கு இல்லையேம்மா" என்றார், மெய்யாகவே வருத்தத்தோடு. "அப்படியே விட்டா நாலு தடவ ஆகும். அஞ்சுகூட ஆகும். அந்தம்மாவக் கேளுங்க."

பக்கத்து மேசைக்காரி மறுபடி காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

தீட்டிய மரத்திலேயே கூர் பார்ப்பது என்பார்கள். கொழுந்தன் அடிக்கடி சொல்லிச் சிரிக்கும் பழமொழி அது. கத்தி உயர ஆரம்பித்தது. அவள் நிமிர்ந்து பார்த்ததும் பாதியில் நின்றது. காத்திருந்தது. வயிறு உஸ் சத்தத்தை நிறுத்தியது.

"அம்மா" என்றாள் சுண்டெலி. கிரீடம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கன்னத்தில் சித்தப்பாவின் இரத்தம். "வலிக்குமாம்மா?"

கறிக்கடைக்காரியின் கை கல்லை வாங்கியது.

"வலிக்காதுடா தங்கம். அம்மா இருக்கேன்ல. கண்ண மூடிக்க."

கல்லில் எச்சிலைத் துப்பினாள். கத்தி மெல்லத் தாழ்ந்து அவள் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. மேலே ஒரு இழுப்பு. கீழே ஒரு இழுப்பு. கண்ணீர் விழுந்து கல் நனைந்தது. மடங்கின இடம் தேய்ந்தது. நேரானது. முழங்கை மயிரை வைத்துப் பார்த்தாள். போதவில்லை. மறுபடி தீட்டினாள். வாழ்நாளில் எந்தக் கத்தியையும் அவள் இவ்வளவு நன்றாகத் தீட்டியதில்லை.