எதிரிழுவைச் சட்டை

நிலாக் குடியிருப்பில் காலை மணி அடித்ததும் கோமதிநாயகம் பல் தேய்க்கிறானோ இல்லையோ, எதிரிழுவைச் சட்டையை மாட்டிக்கொள்வான். பூமியில், உடன்குடியில், அவன் மாமன் மகள் வடிவும் அதேபோல ஒன்றை மாட்டிக்கொள்வாள். இரண்டும் சோடி. இவன் மூச்சுப்பிடித்துக் கையை மடக்கினால் அங்கே அவள் கையை நீட்டி இழுக்கும். அவள் மடக்கினால் இங்கே இவனை இழுக்கும். நடுவில் ஒரு நொடி சொச்சம் தாமதம், அவ்வளவுதான்.

நிலாவில் பளு தூக்குவதெல்லாம் சும்மா கதை. பூமியில் முதுகை ஒடிக்கும் மூட்டை அங்கே தலையணை மாதிரி. ஆனால் எதிர்ப்பில்லாத தசை கரைந்துபோகும். எதிர்ப்பு இருந்தால்தான் இழை இழையாகக் கொஞ்சம் நைந்து, ஓய்வில் முன்னைவிடத் தடித்து வளரும். அந்த எதிர்ப்பைப் பூமியிலிருந்து வரவழைக்கத்தான் இந்தச் சட்டை.

கோமதிநாயகத்துக்கு அது கல்யாண விஷயம். ஒரே மகளை அவ்வளவு தூரம் அனுப்ப மாமா சுடலையாண்டிக்கு மனசே வரவில்லை. “கோயில் வாசல்ல இளவட்டக்கல் கெடக்கு மாப்ளே. அந்தக் காலத்துல அதத் தோளுக்குத் தூக்குனாத்தான் பொண்ணு. இப்பவும் அதான் சட்டம். யாரு தூக்குதாகளோ அவுக சொல்லுற ஊருல குடித்தனம். தூக்கலன்னா எங்கூடயே இரும், வீட்டோட மாப்ளையா” என்று சொல்லிவிட்டார்.

“நீ எந்தப் பக்கம் வடிவு?” என்று இவன் கேட்டால், “மொதல்ல கல்லத் தூக்குங்க அத்தான்” என்று சிரிப்பாள் கள்ளி.

சில நாள் இருவரும் சரிசமமாக இழுப்பார்கள். கை ஒரு விரற்கடைகூட நகராது. தசை மட்டும் நடுங்கும். அசையாத மல்லுக்கட்டும் பயிற்சிதான். அப்படியே நின்றபடி சாப்பாட்டுக் கதை, சண்டைக் கதை எல்லாம் பேசுவார்கள். அவனுக்கு அதுதான் அன்றைய நாளின் தேன்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம். மடக்குவதில் புலி, மடக்கி முடித்ததும் கையைத் தொப்பென்று விட்டுவிடுவான். நிலாப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். அங்கே எதை விட்டாலும் மெதுவாகத்தானே விழுகிறது!

“பொசுக்குனு விடாதிய அத்தான். தாங்கித் தாங்கி எறக்குங்க. ஒடம்பு அதுலதான் ஏறும்.”

“தூக்குறவனுக்கு எறக்குற கவலை எதுக்கு?”

கோயில் கொடைவிழாவுக்கு அவன் பூமிக்கு இறங்கி வந்தான். அன்று கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. கோமதிநாயகம் குனிந்தான், கட்டிப்பிடித்தான், கல் எழுந்தது! குலவை காதைப் பிளந்தது. முழங்கால், மடி, நெஞ்சு. தோளுக்கு ஏற்ற, பிடியை மாற்றவேண்டும். மாற்றும் அந்த இமைப்பொழுது முழுப்பளுவையும் தாங்கவேண்டும். தாங்கித்தான் பழக்கமே இல்லையே! கல் நழுவித் தரையில் உட்கார்ந்தது.

சுடலையாண்டிக்கு வாயெல்லாம் பல். “வீட்டோட மாப்ளே, வாரும், பந்திக்குப் போவோம்.”

“இருங்கப்பா” என்று வடிவு தாவணியை இழுத்துச் செருகினாள். ஓராண்டாக அத்தான் மடக்கிய ஒவ்வொரு மடக்குக்கும், நீளும் தன் கையை விட்டுக்கொடுக்காமல் தாங்கித் தாங்கியே இறக்கியவள் அவள்தானே. கல்லை நெஞ்சுக்கு ஏந்தினாள், நிதானமாகப் பிடியை மாற்றினாள், தோளில் ஏற்றிப் பின்னால் போட்டாள்.

“தூக்கியாச்சு. எங்க குடித்தனம்னு நான் சொல்லலாம்லா?”

“சொல்லு தாயி” என்றார் அப்பா, பூரிப்பில்.

“நிலாவுல.”

 சுடலையாண்டி கண் கலங்க, வயிறு குலுங்கச் சிரித்தார். “நான் போட்ட சட்டம் என் தலையிலயே விழுந்துட்டே! போய்ட்டு வாங்க, நல்லா இருங்க.”

கோமதிநாயகத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வடிவு அவன் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்தாள். விடுவிக்கப் பார்த்தான், முடியவில்லை. நிலாவுக்குப் போனதும் தன் எடை ஆறில் ஒரு பங்காகிவிடும், கல்லைத் தூக்கிய இந்தக் கைக்குத் தான் வெறும் தலையணை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.