சுவரிலிருந்து இறங்கிய கல்யாணப் படம்

பகல் 1.10. மதியச் சாப்பாட்டுக்கு வந்த மனைவி தட்டியும் திறக்காத அறைக் கதவை உடைத்தபோது, அவன் மேஜைமேல் தலை சாய்த்து இறந்து கிடந்தான். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஜன்னலில் கம்பி. கைக்கெட்டும் தூரத்தில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். அதில் விஷம் கலந்திருந்தது மாலைக்குள் தெரிந்துவிட்டது.

"தற்கொலைதான் மேடம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "எல்லாத்தையும் ஒழிச்சு வச்சுட்டுப் போயிருக்கார் பாருங்க."

இன்ஸ்பெக்டர் அவசரப்படாமல் பார்த்தார். மேஜையில் மடிக்கணினியும் பாட்டிலும் தவிர ஒரு துரும்புகூடக் கிடையாது. பெரிய கணினித் திரையின் வயரைப் பிடுங்கிச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தான். சுவரில் ஒரு ஆணி மட்டும் மிச்சம். அதில் தொங்கிய கல்யாணப் படம் ஹாலில், சோபாவில், ஒரு தலையணைமேல் இருந்தது. பக்கத்தில் அவனுடைய கைக்கடிகாரமும் செல்போனும்.

மனைவி கிளினிக்கில் நர்ஸ். எத்தனையோ சாவைப் பார்த்தவள்தான். ஆனால் தன் வீட்டுச் சாவுக்கு முன்னால் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"காலைல சண்டை மேடம். நான்தான் ஆரம்பிச்சேன். வருஷத்துக்கு ரெண்டு சர்டிபிகேட் வாங்கறீங்க, உங்க ஃப்ரெண்டு ஒரே ஒரு மேல்படிப்பு முடிச்சு எங்க போயிட்டார் பாருங்கன்னேன். உங்க காகிதத்தையெல்லாம் எடைக்குப் போடலாம்னு..." அவள் சோபாவிலிருந்த படத்தைப் பார்த்தாள். "ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. நான் வேலைக்குப் போனதும் எங்க கல்யாணப் படத்தையே கழட்டிப் போட்டுட்டார். என் நாக்குதான் அவரைக் கொன்னுடுச்சு."

இன்ஸ்பெக்டர் ஆறுதல் சொல்லவில்லை. பாட்டிலைக் காட்டினார்.

"இது உங்க வீட்டுதா?"

"இல்ல. கடைத் தண்ணியே வாங்கமாட்டோம். ஃபில்டர் தண்ணிதான், ஸ்டீல் பாட்டில்ல."

பாட்டிலில் லேபிள் இல்லை. பசைத் தடமும், அதில் ஒட்டிய நகக்கண் அளவு காகிதத் துணுக்கும் மட்டும் இருந்தன. இன்ஸ்பெக்டர் வீட்டுக் குப்பைக் கூடைகளையெல்லாம் தன் கையாலேயே கவிழ்த்தார். உரித்த லேபிள் எதிலும் இல்லை.

மறுநாள் காலை, அவன் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம். இறந்தவனுக்கு அங்கே 'பரீட்சை' என்று பட்டப்பெயர். அவன் நண்பனுக்கு 'பட்டம்'. ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள்.

"டீம் லீட் எடம் ஒண்ணுதான் இருக்கு," என்றார் மேனேஜர். "மேல்படிப்பு இருக்கறதால பட்டத்துக்குத்தான் போகணும். ஆனா புது கஸ்டமர் ஒரு சர்டிபிகேட் இருந்தே ஆகணும்கறார். இந்த வாரத்துக்குள்ள அந்தப் பரீட்சையை முடிச்சா உனக்குத்தான்னு பரீட்சைகிட்ட சொன்னேன்."

"பட்டத்துக்குத் தெரியுமா?"

"ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டுத்தானே சொன்னேன்."

மதியம், காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் பட்டத்தின் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தார்.

"அவரைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"முந்தாநாள். ஆபீஸ்ல."

"பரீட்சை எழுதப் போறார்னு தெரியுமா?"

"அவனா? வெறுத்துட்டான் மேடம். இனிமே எழுதவே மாட்டேன்னான். மனசு உடைஞ்சு போயிருந்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்க மேல்படிப்பு எங்க படிச்சீங்க?"

"ஆன்லைன்ல. மூணு வருஷம், சனி ஞாயிறே கிடையாது. பரீட்சையும் வீட்லதான், கேமரா முன்னாடி."

பேசிக்கொண்டே அவன் விரல் நகம் லேபிளின் ஓரத்தைக் கிளப்பியது. மெல்ல உரித்தான். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகுதான் குடித்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவனுக்கு மூன்று வருடப் பழக்கமே போதுமாக இருந்தது.

"ஏன் உரிச்சீங்க?"

அவன் பாட்டிலைப் பார்த்தான்.

"நான் சொல்றேன். வீட்ல எழுதற பரீட்சைக்கு மேஜை காலியா இருக்கணும். சுவர்ல படம் கூடாது, கையில வாட்ச் கூடாது, ரெண்டாவது திரை கூடாது, யாரும் உள்ள வரக்கூடாது. என் தங்கச்சி எழுதினப்ப போலீஸ்காரி என்னையே வீட்டை விட்டுத் துரத்தினா. தண்ணி மட்டும் வச்சுக்கலாம், ஆனா பாட்டில் உள்ள தெரியறதா இருக்கணும், அதுல எழுத்து இருக்கக் கூடாது. நேத்து பன்னெண்டு மணிக்கு உங்க ஃப்ரெண்டுக்குப் பரீட்சை. நடத்தறவங்ககிட்டயே கேட்டுட்டேன்."

அவன் பாட்டிலைத் தள்ளி வைத்தான்.

"சாகப் போறவன் லேபிளை உரிப்பானா? அவரே உரிச்சிருந்தா அது அந்த வீட்ல கிடக்கணும். கிடக்கல. அப்போ யாரோ உரிச்சே கொண்டு வந்து கொடுத்திருக்காங்க. பரீட்சை இருக்குன்னு தெரிஞ்சவர், அதோட சட்டமும் தெரிஞ்சவர். லேபிளோட கொடுத்தா அவர் வெளியிலயே வச்சிருப்பார். உள்ள தாழ் போட்டுக்கிட்டுக் குடிக்கணும்னுதான் உரிச்சீங்க."

"ஊர்ல ஆயிரம் பேர் உரிப்பாங்க மேடம்."

"உரிப்பாங்க. ஆனா நீங்க உள்ள வந்ததும் உங்க காரைச் சோதிச்சோம். கதவுப் பையில நாலா மடிச்ச லேபிள் ஒண்ணு இருந்தது. ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கு. பாட்டில்ல ஒட்டியிருந்த துணுக்கு அங்க கச்சிதமா உட்காருது."

அவன் சட்டைப் பையிலிருந்த லேபிளை எடுத்து மேஜைமேல் போட்டான். வாய் திறந்தபோது அதில் கெஞ்சல் இல்லை, ஆத்திரம்தான் இருந்தது.

"என் பொண்ணு மொதல்ல நடந்ததைக்கூட நான் பார்க்கல மேடம். பக்கத்து ரூம்ல படிச்சுக்கிட்டிருந்தேன். அவன் ஒரே ஒரு மத்தியானம் உட்கார்ந்து எழுதிட்டு அந்த எடத்தை எடுத்துட்டுப் போறதா?"

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் அந்த வீட்டுக்குப் போனார். மனைவி அதே சோபாவில், படத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"உங்க மேல கோபத்துல கழட்டலம்மா. பரீட்சைக்காகக் கழட்டியிருக்கார். முடிஞ்சதும் மாட்டணும்னுதான், கண்ணாடி கீறாம தலையணை மேல வச்சிருக்கார்."

அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"ஏன் மேடம் எங்கிட்ட மறைச்சார்?" என்றவள், பதிலும் தானே தெரிந்துகொண்டவள் போலக் குனிந்துவிட்டாள். "பரீட்சைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே கழட்டிக் கொடுத்திருப்பேனே."