நாலு சொட்டு, நாலு மூடி

செவலைக் கோழி, கருங்கோழி, புள்ளிக் கோழி எல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீலக் கோழி பார்த்ததுண்டா? திருச்சுழியில் ஒன்று இருந்தது. ரொம்ப நாள் இல்லை, ஒரு பத்துப் பதினைந்து நாள்தான்.

அது ரோஷினியின் கோழி. பெயர் பூளை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுவோமே, அந்தப் பூளைப்பூவைப் போல வெள்ளை வெளேரென்று இருந்ததால் அந்தப் பெயர். சில்கி என்கிற சாதி. உடம்பில் இருப்பது இறகா பஞ்சா என்றே சந்தேகம் வரும். தலையில் பஞ்சுக் கொண்டை, காலில் பஞ்சுச் செருப்பு. மற்ற கோழிக்குக் காலில் நாலு விரல் என்றால் இதற்கு ஐந்து.

அழகு இருக்கும் இடத்தில் தொல்லையும் இருக்கும். மற்ற கோழிகள் மழையில் நனைந்தால் ஓர் உதறு உதறிவிட்டுப் போய்விடும். பூளையின் இறகோ தண்ணீரை அப்படியே குடித்துக்கொள்ளும். அதன் கூடு, இரண்டு பழைய தக்காளிப் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டியது. போன ஐப்பசியில் அதற்குள் சாரல் அடித்து, பூளை மூன்று நாள் தும்மியது. கண்ணையே திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் ரோஷினிக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் அருப்புக்கோட்டையில் கோழிக் கண்காட்சி என்ற நோட்டீஸைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தாள். முதல் பரிசு ஓர் இரும்புக் கூண்டு. தகரக் கூரை போட்டது, நாலு காலில் உயர்ந்து நிற்பது. அடுத்த மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

"அப்பா, நான் பூளையைக் கூட்டிட்டுப் போறேன். எப்படியும் ஜெயிக்கணும்ப்பா."

அப்பா தனுஷ்கோடிக்குப் பலசரக்குக் கடை. அவர் சிரித்தார். "உன் கோழி நடந்து வந்தா, தரை துடைக்கிற மாப்பு நடந்து வார மாதிரி இருக்கு. அதுக்குப் பரிசாக்கும்!"

ரோஷினி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. தினமும் கூட்டில் ஈர மணலை அள்ளிவிட்டுக் காய்ந்த மணல் பரப்பினாள். ஓர் அகலச் சட்டியில் மணலும் சாம்பலும் காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்து வைத்தாள். பூளை அதில் புரண்டு புரண்டு குளித்தது, கோழிப்பேன் அண்டவில்லை. கண்ணை மறைக்கும் கொண்டையைத் தன் ரப்பர் பேண்டால் தூக்கிக் கட்டிவிட்டாள். கால் பஞ்சில் நெருஞ்சி முள் ஒட்டினால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

கண்காட்சிக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மதியம். நல்ல வெயிலில் பூளைக்கு வெந்நீர்க் குளியல் நடந்தது. ஷாம்பு போட்டு அலசிவிட்டு, துண்டு எடுக்க உள்ளே போனாள். போன கையோடு திரும்பி வந்தாள். அதற்குள் கதை முடிந்திருந்தது.

தொட்டித் தண்ணீர் கருநீலம். தண்ணீருக்குள் நின்ற பூளையும் நீலம். பக்கத்தில் தம்பி உதயா, முழங்கை வரைக்கும் நீலமாக, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஏலே! என்னலே பண்ணுன?"

"துணிக்கு விடுற நீலம் போட்டேன்க்கா. கடையில அம்மா எல்லார்ட்டயும் சொல்லுவாகல்ல, வெள்ளைக்கு நாலு விடுங்க, பளிச்சுனு ஆயிரும்னு. நானும் நாலு மூடி விட்டேன்."

சத்தம் கேட்டு வந்த அம்மா தங்கலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாலு சொட்டுலே! ஒரு வாளிக்கு நாலு சொட்டு! மூடியில்லலே!"

ரோஷினிக்கு வந்த கோபத்துக்கு உதயாவையும் தொட்டியில் முக்கியிருப்பாள். ஆனால் அவன் பல் இப்போது தெரியவில்லை. கீழுதடு துடித்துக்கொண்டிருந்தது. "நீ ஜெயிக்கணும்னுதான்க்கா…" என்றான்.

அவள் பூளையை இரண்டு தடவை அலசினாள். கருநீலம் வெளிறி வான நீலம் ஆனது. அதற்கு மேல் இறங்கவில்லை.

"இன்னும் ரெண்டு தடவ சோப்புப் போடு. போயிரும்," என்றாள் அம்மா.

ரோஷினி பூளையைத் தூக்கினாள். அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. வெயிலும் சாய ஆரம்பித்திருந்தது.

"வேணாம்மா. இனி அலசுனா இருட்டுறதுக்குள்ள காயாது. மறுபடி தும்மல் வந்துரும்."

"அப்ப கண்காட்சி?"

"நீலமா இருந்தா இருந்துட்டுப் போகுது," என்றாள்.

அம்மா இஸ்திரிப் பெட்டியால் துண்டைச் சூடாக்கிக் கொடுக்கக் கொடுக்க, ரோஷினி சுற்றிச் சுற்றி ஒற்றினாள். சில்கிக்கு மேல் பஞ்சு சீக்கிரம் காய்ந்துவிடும், அடியில் ஈரம் ஒளிந்திருக்கும். இறகை விலக்கி, கன்னத்தை வைத்துப் பார்ப்பது உதயாவின் வேலை. "இங்க ஈரம்க்கா… இங்கயும்…" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில், "எல்லாம் காஞ்சிருச்சு!" என்றபோது அவன் கன்னமும் நீலமாகியிருந்தது.

மறுநாள் அருப்புக்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் ஒரே கொக்கரக்கோ. பூளையைப் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "கிருஷ்ணர் வேசம் போட்டிருக்குடோய்!" என்றார் ஒருவர். உதயா அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

நடுவராக வந்திருந்த கால்நடை டாக்டர் சுபத்ரா சிரிக்கவில்லை. பூளையின் சிறகைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கால் விரல்களை எண்ணினார்.

"ஒரு பேன் இல்ல, கால் அவ்வளவு சுத்தம். ரொம்ப நல்லா வளர்த்திருக்கம்மா. ஆனா சாயம் ஏறின கோழிக்குப் பரிசு தரக் கூடாதுன்னு விதி இருக்கே. யாரு நீலம் போட்டது?"

ரோஷினி திரும்பிப் பார்த்தாள். வேட்டி மறைவில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"எங்க வீட்டுலதான் டாக்டர். கொஞ்சம் கூடுதலா விழுந்துருச்சு."

டாக்டர் எதிர் வரிசைக் கூண்டுக்குப் போய்விட்டார். ரோஷினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கண்ணோடுதான் பக்கத்துக் கூண்டைப் பார்த்தாள்.

அதிலும் ஒரு சில்கி. கண் கூசும் வெள்ளை. ராஜபாண்டி என்ற பையனுடையது. அது உடம்பைக் குறுக்கி, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது.

"உன் கோழிக்கு என்ன?"

"தூங்குது," என்றான் ராஜபாண்டி பெருமையாக.

"கோழி இப்படியா தூங்கும்!" அவள் கூண்டுக்குள் கைவிட்டு இறகை விலக்கினாள். "மேல காஞ்சிருக்கு, அடியில சொட்டச் சொட்ட ஈரம். மேல ஃபேன் வேற ஓடுது!"

ராஜபாண்டியின் முகம் மாறியது. "காலையில ரெண்டு தடவ குளிப்பாட்டுனேன். வெள்ளையா இருக்கணும்னு… செத்துருமா?"

"சாகாது. வெளிய எடு."

உதயாவும் சேர்ந்துகொள்ள, மூவரும் ஃபேன் காற்று படாத மூலைக்கு ஓடினார்கள். ரோஷினி துண்டை விரித்தாள். ஆனால் சூட்டுக்கு எங்கே போவது? இஸ்திரிப் பெட்டி வீட்டில் இருக்கிறதே!

"அக்கா, இரு வாரேன்!" உதயா தன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினான். டீ போடும் அண்ணனிடம் வெந்நீர் வாங்கி நிரப்பிக்கொண்டு வந்தான். பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கோழிக்குப் பக்கத்தில் அணைத்து வைத்தார்கள்.

நடுவில் ஒலிபெருக்கி கூப்பிட்டது. "ராஜபாண்டி, உங்க கோழியக் கூண்டுல விடுங்க. நடுவர் வந்துட்டாங்க."

ராஜபாண்டி கோழியைப் பார்த்தான், ரோஷினியைப் பார்த்தான். "இன்னும் காயலைல்ல? விடு, அவுக போகட்டும்," என்றான்.

முதல் பரிசு நரிக்குடிக்காரர் ஒருவரின் சேவலுக்குப் போனது. அந்த நேரம் ராஜபாண்டியின் கோழி கண்ணைத் திறந்து, கழுத்தை நீட்டி, உதயாவின் சட்டைப் பொத்தானைக் கொத்தியது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"நீ எதுக்குப் போட்டிக்கு வந்த?" என்று கேட்டான் ராஜபாண்டி.

"மழை வரப் போகுதுல்ல. அந்தக் கூண்டுக்குத்தான்," என்றாள் ரோஷினி.

பதினைந்து நாள் கழிந்தது. மண்குளியலும் இன்னொரு வெயில் குளியலுமாகப் பூளை பழையபடி வெள்ளையாகிவிட்டது. மேற்கே மேகம் திரள ஆரம்பித்திருந்தது. ரோஷினி தக்காளிப் பெட்டியின் மேல் சாக்கைப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ராஜபாண்டியும் அவன் அப்பாவும் இறங்கினார்கள்.

"எங்கப்பா வெல்டிங் பட்டறை வச்சிருக்காக. கிரில் கேட்டுல மிஞ்சின கம்பியெல்லாம் சேர்த்து நாங்களே பண்ணினோம்," என்றான் அவன்.

இரண்டு பேரும் சேர்ந்து ஓர் இரும்புக் கூண்டை இறக்கினார்கள். தகரக் கூரை, நாலு கால், சாரல் தடுக்க மறைப்பு, எல்லாம் இருந்தது. ரோஷினி பூளையைத் தூக்கிக் கூண்டு வாசலில் விட்டாள். அது நேராக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

அப்புறம்தான் எல்லோரும் கூண்டை முழுசாகப் பார்த்தார்கள். மேலிருந்து கீழ் வரை பளபளவென்று நீலம்!

அம்மா, அப்பா, ரோஷினி, மூவரின் தலையும் மெதுவாக உதயாவின் பக்கம் திரும்பியது.

"அக்கா, சத்தியமா இது நான் இல்லக்கா!" என்று அலறினான் உதயா.