அல் என்றாள் அக்கா

நாங்கள் அந்தப் பழைய கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியான வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பேசும் அகராதிக்கான வேலை. அக்கா தமிழாசிரியை, சொல்லையும் பொருளையும் வாசிப்பாள். நான் ஒலிப்பதிவாளன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், சன்னல் இல்லாத சின்ன அறையில் அவள். இந்தப் பக்கம் கருவிகளோடு நான். சுவரெங்கும் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சுப் பலகைகள். உள்ளே ஈரத்துணி மக்கிய வாடை.

"அல்," என்று வாசித்தாள் அக்கா. "இரவு. இருள்."

"அப்படின்னா, அல்லும் பகலும்னு சொல்றமே..." என்றேன் என் பக்கத்து மைக்கில்.

"அதே அல்தான். அல்லும் பகலும் தூங்குற உனக்கு இப்பத்தான் அர்த்தம் புரியுதாக்கும்!" என்று சிரித்தாள். "கூந்தல் கறுப்பா இருக்குன்னு சொல்ல அந்தக் காலத்துப் புலவருங்க இதைத்தான் உவமையா எடுப்பாங்க. அது அல்ல, இது அல்லன்னு மறுக்கறோமே, அதுலயும் இதே ஓசை. ஒளி அல்லாததுங்கறதாலதான் இருட்டுக்கு இந்தப் பேரு வந்துச்சோ என்னவோ. ரெண்டுக்கும் ஒரே வேரான்னு எனக்குத் தெரியலடா."

பிறகு விளையாட்டாக மைக்கின் பக்கம் குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டாள்:

"அல்லே, நீ எங்கேர்ந்து வந்தே?"

என் ஹெட்போனில் ஒரு மூச்சு கேட்டது. நீளமான மூச்சு.

அக்காவின் வாய் மூடியிருந்தது.

"கரண்ட் போயிடுச்சா?" என்றாள்.

"இல்லையே."

"லைட்டைப் போடுடா."

அவள் தலைக்கு மேல் விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. அவள் நெற்றி வியர்வைகூட எனக்குத் தெரிந்தது.

"எரியுதே அக்கா."

"விளையாடாதே. ஒண்ணுமே தெரியல. பயமா இருக்கு, உள்ளே வா."

எழப் போனேன். அதற்குள் அவள் முகத்தில் நிம்மதி படர்ந்தது.

"அப்பாடா, வந்துட்டியா. கையை விட்டுடாதே."

நான் இன்னும் என் நாற்காலியில்தான் இருந்தேன்.

அவள் வலக்கை மேசைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. விரல்கள் எதையோ இறுகப் பற்றியிருந்தன.

"அக்கா... அது நான் இல்ல."

அவள் உதடு கோணியது. யாரென்று கேட்க வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை.

ஓடினேன். கதவு அசையவில்லை, தாழ்ப்பாளே இல்லாத கதவு அது. தோளால் மோதினேன், உதைத்தேன், நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை. அத்தனை வெளிச்சத்தில், என் கண்ணெதிரே, அக்கா மெல்லத் தலையைச் சாய்த்து, காதோரம் யார் பேசுவதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கத்திப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு கதவு தானாகவே திறந்தது. அக்காவுக்குப் பார்வை மட்டும் திரும்பவில்லை.

கண் மருத்துவர் அன்று மாலையே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஒரு குறையும் இல்ல." மறுபடி குனிந்தவர் சட்டென்று பின்வாங்கினார். டார்ச் கைநழுவி விழுந்தது. "தம்பி... நீங்களே வந்து பாருங்க."

அக்காவின் முகத்துக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோனேன்.

"நான்தான் அக்கா."

"தெரியலடா," என்றாள். குரலில் உயிரே இல்லை.

அவள் கருமணியில் என் உருவம் சின்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அங்கே வேறு யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.



அந்த உருவம் மெல்ல என் பக்கம் திரும்பத் தொடங்கியது.