இருபத்திரண்டு விநாடி இருட்டு

"ஆ...!"

அந்த அலறல் இசையில் இல்லாதது!

முப்பத்தொரு தடவை ஒத்திகை பார்த்த நடனம். எங்கே வயலின், எங்கே மூச்சு, எங்கே மௌனம் என்பதெல்லாம் மேடை மேலாளருக்குத் தலைகீழ்ப் பாடம். இந்த அலறல் மட்டும் புதுசு.

அதைத் தொடர்ந்து... 'தொப்'!

மேடையின் ஓரத்தில், தன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவள் ஹெட்செட் மைக்கில் கத்தினாள்.

"லைட்! எல்லா லைட்டையும் போடு! உடனே!"

வெளிச்சம் பாய்ந்தது. மேடை நடுவே திறந்து கிடந்த பள்ளத்தைச் சுற்றி, கறுப்பு உடையில் எட்டு நடனக் கலைஞர்கள் உறைந்து நின்றார்கள்.

ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் பின்வாங்கினாள்.

"மாஸ்டர்...! மாஸ்டர் கீழே கிடக்கார்! கழுத்து... கழுத்து முதுகுப் பக்கமா திரும்பியிருக்கு!"

காலை பதினொன்று பத்து. அந்தப் பாலே குழுவின் மூன்று புதிய நவீன நடனங்கள் நாளை மறுநாள் மாலை மேடை ஏற வேண்டும். முதல் இரண்டும் ஒத்திகையில் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயின.

மூன்றாவது, நடன மாஸ்டரையே விழுங்கிவிட்டது!

* * *

இன்ஸ்பெக்டர் வாயில் இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தார்.

"மேடை மேலாளர் நீங்கதானா? கடிகாரம்னு யாரோ சொன்னாங்க."

"குழுவுல எல்லாரும் அப்படித்தான் சார் கூப்பிடுவாங்க. லைட், இசை, திரை எல்லாம் நான் 'போ'ன்னு சொன்னாத்தான் போகும்."

"நல்லதாப் போச்சு. என் வாட்ச் நின்னு மூணு நாளாச்சு. நடந்ததை நேரப்படி நீங்களே சொல்லுங்க."

சொன்னாள். குரல் நடுங்காமல் சொன்னாள்.

"கடைசி நடனம் முடியப் போறப்போ இருபத்திரண்டு விநாடி முழு இருட்டு சார். எட்டுப் பேரும் அப்படியே நிக்கணும். பத்தாவது விநாடியில நடு மேடை மட்டும் கீழ இறங்கும். அந்தப் பள்ளத்தோட விளிம்புல மாஸ்டர் வந்து நிப்பார். லைட் வரும்."

"கும்மிருட்டுல விளிம்பு எப்படிம்மா தெரியும்?"

"தரையில டேப் ஒட்டியிருப்போம். இருட்டுல மினுங்கும். அதை மிதிச்சதும் நின்னுடுவார்."

"டேப் இருக்கு. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு!"

அவள் மேடைப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"அவர் வந்தது வலப்பக்கத்துல இருந்து. டேப் ஒட்டியிருக்கிறது இடப்பக்கம். மினுங்குறதைப் பார்த்து நடந்திருக்கார். நடுவுல பள்ளம்!" இன்ஸ்பெக்டர் மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினார். "ஏன் இடப்பக்கம்?"

"முதல்ல அதுதான் சரியான பக்கம் சார். நேத்துதான் மாஸ்டர் 'நான் வலப்பக்கமா வர்றேன்'னு மாத்தினார். காலையில டேப்பையும் மாத்தச் சொன்னோம்."

"மாத்த வேண்டியவர்?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். இருபது வருஷமாக மேடைத் தரையைப் பார்த்துக்கொள்ளும் மனிதர். டேப் அண்ணன்.

"மாத்தி ஒட்டினேன் சார்! பெத்த பிள்ளைங்க மேல சத்தியம்! எட்டரை மணிக்கு ஒட்டிட்டு, 'வந்து பாரும்மா'ன்னு இவங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிஞ்சு பார்த்துட்டு, 'சரியா இருக்குண்ணே'ன்னு சொன்னாங்க!"

இன்ஸ்பெக்டர் உடனே அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவள் மேஜையில் இருந்த சின்னத் திரையைத் தட்டினார்.

"இது என்ன?"

"இருட்டுலயும் தெரியுற கேமரா சார். மேடையில யார் எங்க நிக்கிறாங்கன்னு நான் பார்த்துக்கிறதுக்கு."

"பதிவாகுமா?"

"ஆகாது."

"அந்த இருபத்திரண்டு விநாடியும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

மேடை முழுக்க அவளையே பார்த்தது. குழுவின் செயலாளர் பார்த்தார். எட்டுக் கலைஞர்களும் பார்த்தார்கள். அந்த எட்டில் ஒருத்தி, அவள் கூடப் பிறந்த தங்கை.

"பார்த்தேன் சார்."

"யாராவது டேப் கிட்டப் போனாங்களா?"

"யாரும்... யாரும் அசையலை சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

பொய்!

அந்தத் திரையில் எதுவுமே அவளுக்குத் தெரியாது. எட்டு மாதமாகவே தெரியாது!

எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் திட்டு. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உலகம். டாக்டர் படம் போட்டு விளக்கியபோது அந்தப் படத்தின் நடுவிலும் அதே திட்டு. அன்றிலிருந்து ஆட்களைக் காலடிச் சத்தத்தில் அடையாளம் கண்டாள். குறிப்பேட்டைக் கட்டைவிரல் பருமனில் எழுதிக்கொண்டாள். விநாடிகளை மனசுக்குள் எண்ணினாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

ஆனால் பார்வை போன மேடை மேலாளரை எந்தக் குழு வைத்துக்கொள்ளும்? அதனால் தங்கையிடம்கூட மூச்சு விடவில்லை.

"அப்போ விஷயம் சுலபம்," என்றார் இன்ஸ்பெக்டர். "இருட்டுல யாரும் நகரலை. அதுக்கு முந்தி வெளிச்சத்துல யாராவது கை வெச்சிருந்தா இத்தனை பேர் பார்த்திருப்பாங்க. ஆக, டேப் காலையில இருந்தே தப்பாத்தான் இருந்திருக்கு. ஏம்மா, இவர் காட்டினாரே, சரியா இருந்துச்சா?"

காலையில் குனிந்தாள். சாம்பல் திட்டைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

இப்போது 'சரியா இருந்துச்சு' என்றால்... பின்னே டேப் எப்படி நகர்ந்தது என்று கேட்பார். திரையில் என்ன பார்த்தாய் என்று மறுபடி குடைவார்.

"சரியா... ஞாபகம் இல்லை சார்."

டேப் அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"கடிகாரத்துக்கே ஞாபகம் இல்லையாம்!"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள். எந்த இடத்தில் போட வேண்டும் என்று ஒரு போலீஸ்காரர் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. 'அதிர்ச்சியில கை ஓடலை, பாவம்' என்றார் அவர்.

டேப் அண்ணனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

* * *

சாயங்காலம் ஐந்து மணி. வீடு.

தங்கை வெந்நீர்ப் பேசினில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்திரண்டு வயசு. பதினேழு வருஷ பாலே அந்தப் பாதங்களை ஒரு வழி பண்ணியிருந்தது. அம்மா போன பிறகு அக்காதான் அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது, நடனத்தில் சேர்த்தது எல்லாம்.

"தேங்க்ஸ்க்கா."

"எதுக்குடி?"

"தெரியாத மாதிரி கேட்காதேக்கா." தங்கையின் குரல் உடைந்தது. "நீ திரையில என்னைப் பார்த்தே. நான் டேப்பைப் பிய்ச்சதைப் பார்த்தே. மினுங்காம உள்ளங்கையில பொத்தி, அந்தப் பக்கம் ஒட்டிட்டு ஓடி வந்து நின்னதைப் பார்த்தே. அப்புறமும், 'யாரும் அசையலை'ன்னு சொன்னியே..."

அக்காவின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"நீயா...?!"

தங்கை அந்தக் கேள்வியை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள்.

"நானேதான்! என்ன பண்ணச் சொல்றே? அது யார் நடனம்க்கா? இதே ஹால்ல, நாற்காலியெல்லாம் ஓரம் கட்டிட்டு, ஒரு வருஷம் நான் உருவாக்கினது. நீ சோபாவுல உட்கார்ந்து பார்த்தே. கடைசியில விளிம்புல தனியா நிக்கிற இடம் என்னோடது. அதையும் பிடுங்கிக்கிட்டார். நேத்து எல்லார் முன்னாடியும் என்ன சொன்னார் தெரியுமில்ல? 'கிழட்டு முழங்காலை வெச்சுக்கிட்டு மூலையில நில்லு'ன்னார்!"

"அதுக்காகக் கொலையாடி?"

"கொலை பண்ண நினைக்கலைக்கா! கால் ஒடியும்னு நினைச்சேன். ரெண்டு மாசம் படுத்துக் கிடப்பார், ஒரு தடவையாவது என் இடத்துல நான் நிப்பேன்னு நினைச்சேன். முதல்ல எனக்குன்னு டேப் ஒட்டியிருந்த அதே இடத்துல திரும்ப ஒட்டினேன். அவ்ளோதான்..."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அக்காவுக்குப் போன வருஷம் ஞாபகம் வந்தது. அடுத்த வருஷ நிகழ்ச்சி அறிவிப்பின் அச்சுப்படி, பிழை பார்க்க அவள் மேஜைக்குத்தான் வந்தது. 'மூன்றாவது நடனம். உருவாக்கம்: மாஸ்டர்.' படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிழையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து, "நான் கவனிக்கலைடி" என்றாள்.

அப்போது கண் நன்றாகத்தான் இருந்தது!

"எனக்காக நீ இவ்ளோ பெரிய பொய் சொல்லுவேன்னு நான் நினைக்கவே இல்லைக்கா," என்றாள் தங்கை. "அச்சுப்படி விஷயத்துல உன்மேல கோபமா இருந்தேன். இன்னிக்கு எல்லாம் போயிடுச்சு."

'உனக்காக இல்லைடி' என்று நாக்கு நுனி வரை வந்தது.

வந்தது, திரும்பிப் போய்விட்டது.

ஈர முகத்தோடு தங்கை அவள் மடியில் சாய்ந்தாள். கூசிப்போனாள் அக்கா. கொலை செய்தவள் மனசு விட்டு அழுகிறாள். ஒரு பாவமும் செய்யாதவர் லாக்கப்பில் இருக்கிறார். நடுவில் தான் மட்டும் தியாகி வேஷம் கட்டிக்கொண்டு...

"டேப் அண்ணனை என்னக்கா பண்ணுவாங்க?"

"தெரியலைடி."



* * *

மறுநாள் காலை பத்து மணி. போலீஸ் ஸ்டேஷன்.

தங்கை விடிந்ததுமே எங்கோ கிளம்பிப் போயிருந்தாள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று அக்கா நினைத்தாள். தங்கையின் பெயரை எடுக்கப் போவதில்லை. தன் கண்ணைப் பற்றி மட்டும் சொல்வது. டேப் அண்ணன் வெளியே வந்தால் போதும்.

வாசல் பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கை ஒன்று நீண்டது போலிருந்தது. ஒதுங்கி, படியைக் காலால் துழாவி ஏறினாள்.

"சார், நேத்து நான் சொன்னது பொய்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "எது?"

"பார்த்தேன்னு சொன்னது. எனக்குக் கண்ணு தெரியாது சார்!"

சொல்லிவிட்டாள். எட்டு மாதம் நெஞ்சில் சுமந்தது. இறக்கி வைத்த பிறகும் பாரம் குறையவில்லை. சின்னதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இத்தனை சின்ன விஷயத்துக்கா ஒரு மனுஷனை உள்ளே தள்ளினோம் என்று காது மடல் வரை சுட்டது.

"என் கையில எத்தனை விரல் நீட்டியிருக்கேன்?"

"நேரா பார்த்தா கையே இல்லை சார்." தலையைப் பக்கவாட்டில் திருப்பினாள். "இப்போ... ரெண்டா?"

"மூணு. ஒண்ணுல மிட்டாய் ஒட்டிக்கிட்டிருக்கு." அவர் குரலில் விளையாட்டு இல்லை. "ஏம்மா மறைச்சே?"

"வேலை போயிடும்னு. அதைவிட... வெட்கமா இருந்துச்சு சார். இருபது வருஷமா 'அவ கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது'ன்னு பேர் வாங்கினவ நான். காலையில டேப்பையும் நான் பார்க்கலை. அண்ணன் சரியாத்தான் ஒட்டியிருப்பார். அவரை விட்டுடுங்க."

"விட்டுடறேன். அப்போ டேப்பை நகர்த்தினது யாரு?"

"எனக்குத் தெரியாது சார்."

இதுவும் பொய்தான். இந்தப் பொய்யைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் கூசவில்லை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

"உள்ள வரும்போது வாசல் பெஞ்சுல ஒருத்தங்க இருந்தாங்களே?"

"யாரோ இருந்தாங்க சார்."

"உங்க தங்கச்சி!"

அவள் சட்டென்று மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு மணிக்கே வந்துட்டாங்க. 'நான்தான் டேப்பை மாத்தினேன், அவரை விடுங்க'ன்னாங்க. நான் நம்பலை! 'உங்க அக்காவே திரையில பார்த்துட்டு யாரும் அசையலைன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. அந்த ஆள் மேல இரக்கப்பட்டுக் கதை கட்டாதேம்மா, வீட்டுக்குப் போ'ன்னு சொல்லிட்டேன். போக மாட்டேன்னு அங்கேயே உட்கார்ந்துட்டாங்க. 'உங்க அக்கா பொய் சொல்றாங்களா?'ன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் வாயே திறக்கலை."

"சார்..."

"நீங்க இன்னிக்கு வராம இருந்திருந்தா, மத்தியானம் அவங்களை ஜீப்புல ஏத்தி உங்க வீட்டுலயே இறக்கி விட்டிருப்பேன்!"

வாசலில் காலடிச் சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"உன்கிட்டக் கையை நீட்டினேன்க்கா," என்றாள் தங்கை. "யாரோ மாதிரி ஒதுங்கிப் போனே. எனக்கு அப்பத்தான் உறைச்சுது. எத்தனை நாளா...?"

"எட்டு மாசமா."

"அப்போ திரையில என்னை..."

"பார்க்கலைடி. உன்னைக் காப்பாத்தணும்னு சொல்லலை. என் வேலையைக் காப்பாத்திக்கத்தான் சொன்னேன். நேத்து நீ மடியில படுத்து அழுதப்போகூட வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

தங்கை திட்டவில்லை. அக்காவின் கையைப் பிடித்து, நாற்காலியில் பதமாக உட்கார வைத்தாள். அவள் திட்டியிருக்கலாம். அடித்திருந்தாலும் பரவாயில்லை.

"உட்காருக்கா. படியில தடுமாறினே, பார்த்தேன். இனிமே யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும் உன்னை."

இன்ஸ்பெக்டர் மணியை அடித்தார்.

"அந்த டேப்காரரை வெளிய விடுங்க. மன்னிப்பும் கேளுங்க. நல்ல மன்னிப்பாக் கேளுங்க!"

பழைய வாக்குமூலத்தை எடுத்து இரண்டாகக் கிழிக்கப் போனார். பிறகு, அது சாட்சியமாச்சே என்று நினைவு வந்து, அசடு வழிய மறுபடி கோப்பில் வைத்தார்.

"கண் டாக்டரைத் திரும்ப எப்போம்மா பார்க்கணும்?"

"புதன்கிழமை சார்."

"'செஞ்சேன்'னு ஒருத்தி மூஞ்சிக்கு நேரா வந்து நின்னப்போ எனக்குத் தெரியலை. 'பார்த்தேன்'னு கண்ணு தெரியாதவங்க சொன்னதை வேதவாக்கா எழுதிக்கிட்டேன்." இன்ஸ்பெக்டர் புது மிட்டாய் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். "ரெண்டு டோக்கனா வாங்குங்க... நானும் வர்றேன்!"