இருபது சிப்புகளும் சில்வெஸ்டரின் வேகமும்

புதன்கிழமை, காலை 9.40.

சில்வெஸ்டருக்கு வயது முப்பத்தெட்டு. ஹனோவருக்கு அருகே ஒரு பனி ஹாக்கிக் கழகத்தில் தடுப்பாட்டக்காரர். அவர் பனியில் திரும்பி முடிப்பதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம் என்று கூட ஆடுபவர்களே கேலி செய்வார்கள். அந்த மனிதர்தான் இந்த அக்டோபரில் லீக்கிலேயே அதிவேக ஆட்டக்காரர் என்று கணினி சொன்னது. மணிக்கு முப்பத்தேழு கிலோமீட்டர்! அணியின் இருபது வயதுப் புயலோ பட்டியலில் கடைசி. போதாக்குறைக்கு, இரண்டு வருடமாக ஒரு கோலும் போடாத சில்வெஸ்டர் மூன்று ஆட்டங்களில் நான்கு போட்டிருந்தார்.

இது மோசடியா என்று லீக் கேட்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குள் பதில் வேண்டும்.

"மோசடியேதான்," என்றார் மேலாளர் றீற்றா. "எண்களைப் பதிவது தேனுஜா. கணினியில் மாற்றியிருக்கிறாள். இன்றோடு அவளுடைய பயிற்சி வேலை முடிந்தது."

சரிபார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைக்கப்பட்ட ஆய்வாளர் சுபத்ரா, மதுரைக்காரி, ஏழு ஆட்டங்களின் தாள்களையும் முன்னால் பரப்பினாள். செப்டம்பரின் நான்கும் ஒழுங்கு. அக்டோபர் மூன்றாம் தேதியிலிருந்து மூன்றும் தலைசுற்றல்.

காலை 10.05.

தேனுஜாவின் கண்கள் வீங்கியிருந்தன. மேசையில் ஒரு பெட்டி. அதில் இருபது குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆட்டக்காரரின் எண். ஆட்டத்துக்கு முன் அந்தந்தக் குழியின் சிப் அந்தந்தச் சட்டைக்குள் போகும். வேகத்தையும் தூரத்தையும் அதுதான் அனுப்பும்.

"சிப்லயும் நம்பர் இருக்கா?"

"கம்பனி நம்பர், பொடி எழுத்திலை. ஒருத்தரும் பாக்கிறேல்லை அக்கா. குழியைத்தான் பாப்பம்."

"சாவி யார்கிட்ட?"

"திறப்பு ரெண்டு. ஒண்டு என்னட்டை, மற்றது அப்பாவிட்டை."

அப்பா கனகலிங்கம் அங்கேயே சறுக்குக் காலணிகளைச் சாணை பிடிப்பவர். கணினிப் பக்கமே போகாதவர் என்பதால் அவரை யாரும் சந்தேகிக்கவில்லை.

"அப்பாவுக்கு விஷயம் தெரியுமா?"

"சொல்ல ஏலாது அக்கா. என்ரை ஆஸ்பில்டுங், இந்தத் தொழிற்பயிற்சி பற்றிக் காணுற ஆக்களிட்டையெல்லாம் சொல்லிப் பெருமைப்படுறார். உடைஞ்சு போவார்."

சுபத்ரா ஒரு சிப்பை எடுத்தாள். விளிம்பில் மஞ்சளாய் ஏதோ காய்ந்திருந்தது.

"அது கடுகுச் சோஸா இருக்கும். வாசல்லை சொசேஜ் கடை. ஆரோ கை கழுவாமல் தொட்டிருப்பினம்."

சுபத்ரா அதை முகர்ந்து பார்த்தாள். கடுகு வாசமே இல்லை. திருப்பிக் குழியிலேயே வைத்தாள்.

காலை 10.50.

அணி ஓடிய மொத்தத் தூரத்தைக் கூட்டினாள். செப்டம்பரில் ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவோ, அக்டோபரிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அவளுக்கே குழப்பமாக இருந்தது. பொய் எழுதியிருந்தால் எங்காவது உப்பியிருக்க வேண்டும். இங்கே எண்கள் கூடவில்லை, குறையவில்லை, ஆள் மட்டும் மாறியிருந்தது.

பிறகு உருப்பெருக்கியோடு கம்பனி எண்களைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டாள். முதல் குழியின் சிப் இருபதாவதில். இரண்டாவது, பத்தொன்பதாவதில். மூன்றாவது, பதினெட்டாவதில். அப்படியே கடைசிவரை.

காலை 11.25.

சாணை அறைக்கு றீற்றாவையும் தேனுஜாவையும் அழைத்துப் போனாள். இயந்திரத்தின் நெற்றியில் ஒரு சிவப்பு வட்டம், மங்கலாக.

"எச்சரிக்கை அடையாளம்," என்றார் றீற்றா.

சுபத்ரா கனகலிங்கத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், ஒண்ணாம் தேதி இங்க என்ன செஞ்சீங்க?"

"வாணி விழா, பிள்ளை. ஆயுத பூசை நாள். மிசினுக்குச் சந்தனம் குங்குமம் வைச்சனான்."

"மிஷினுக்கு மட்டும்தானா?"

அவர் மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். "இவளின்ரை ஆயுதம் அந்தப் பெட்டிதானே. சிப்பெல்லாத்துக்கும் பொட்டு வைச்சு, தட்டிலை ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்கிப் பூசை செய்தனான். பிறகு துடைச்சுத் திருப்பி வைச்சிட்டன். ஏன், பழுதாப் போச்சுதோ?"

சுபத்ரா றீற்றாவிடம் திரும்பினாள். "மாற்றியது இவர். ஏமாற்ற நினைப்பவர் இரண்டு சிப்பை மாற்றுவார். இருபதையும் தலைகீழாக்க மாட்டார். முதல் குழியிலிருந்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கடைசி சிப் மேலே இருக்கும். மேலிருந்து எடுத்து முதல் குழியில் வைத்தால் வரிசை திரும்பிவிடும். முதல் குழி உங்கள் புயலுடையது. இருபதாவது சில்வெஸ்டருடையது. விளிம்பில் இருப்பது கடுகு இல்லை, சந்தனம்."

"எல்லாம் ஒரே மாதிரிச் சாமான், டோர்ச்சுக்குப் போடுற பற்றறி மாதிரி எண்டு நினைச்சன்," என்றார் கனகலிங்கம்.

றீற்றா நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்படியானால் அந்த நான்கு கோல்?"

"அவை உண்மை. அரங்கமே பார்த்தது. தன் வேகத்தைப் படித்துவிட்டு அவர் அதை நம்பியிருக்கலாம். உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியாது."

11.50-க்கு றீற்றா லீக்குக்குப் பதில் அனுப்பினார். பணிநீக்கக் கடிதத்தைத் தேனுஜாவின் முன்னாலேயே கிழித்தார். கிழிந்த தாளில் மகளின் பெயரைப் பார்த்த பிறகுதான் கனகலிங்கத்துக்கு எல்லாம் விளங்கியது.

"வேலை போகப் பாத்திருக்கு. ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் தாங்கமாட்டியள் எண்டுதான். பூசை செய்ததை நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ சிரிப்பாய் எண்டுதான்."

தேனுஜா சிரிக்கவில்லை. பெட்டியை அவர் முன்னால் வைத்து, சிப்புகளின் முதுகில் எண் எழுத ஒரு பேனாவையும் கொடுத்தாள்.