எட்டைத் தொட்டால் ப்ளூஸ்

மாலை ஆறு மணிக்கு ரசலையன் வழக்கம்போலச் சுவரில் நெற்றியை வைத்துத் தன் தனிமையை அளந்துகொண்டார். ஏழு புள்ளி எட்டு.

"சே! இன்னைக்கும் தேறல்லியே," என்றார்.

செவ்வாய்க் கோளின் நான்காம் குடியிருப்பில் இசை ஒரு மருந்து. நிலத்தடியில் சன்னல் இல்லாமல் வாழ்பவர்களின் மனம் தளர்ந்துவிடக் கூடாதென்று வீட்டுக்கொரு தனிமைமானியைச் சுவரில் பதித்திருந்தார்கள். எண் எட்டைத் தொட்டால் நாலைந்து நாளில் மூன்று இயந்திர வாத்தியக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். எட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு சுரமும் கிடையாது. டிசம்பரில் அந்த இயந்திரங்கள் ஜாஸும் ப்ளூஸும் கலந்த கிறிஸ்துமஸ் பாட்டுகளை வாசிக்கும்.

ரசலையன் காற்றுக்குழாய்ப் பராமரிப்பில் இருபத்தாறு வருடம் உழைத்து ஓய்ந்தவர். மனைவி எஸ்தர் போன மார்ச்சில் இறந்துபோனாள். நாகர்கோவிலில் இருந்த காலத்தில், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் கேக் மாவு கலக்கிக்கொண்டே அவள் ஒரு பாட்டுக் கேட்பாள். நிறைசூலியான மனைவியோடு இடம் தேடி அலைந்த தச்சனைப் பற்றிய ப்ளூஸ். சாக்ஸபோன் தேம்பித் தேம்பி அழும்.

"அழுகப் பாட்டுக்கு எதுக்குட்டீ சிரிக்க?" என்பார் இவர்.

"ரெண்டு பேராக் கேட்டா அழுகையும் இனிக்கும்லா?" என்பாள்.

அவள் இல்லாத முதல் கிறிஸ்துமஸில் அதை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். இந்த ஒன்றை அவர் தினமும் ஜெபத்தில் வைத்தார்.

ஜெபத்துக்குக் குறுக்கே நின்றது எதிர்வீட்டு ஜுலைகா. காயல்பட்டினத்துக்காரி, அவளும் கணவனை இழந்தவள். தினமும் ஐந்தரைக்குத் தட்டோடு வந்துவிடுவாள். அவள் வந்துபோன பிறகு அளந்தால் எண் எட்டைத் தொட்டதே இல்லை.

மறுநாள் அவள் கொண்டுவந்தது தம்மடை. ரவையும் முட்டையும் சேர்த்துச் சுட்ட கேக்.

"அண்ணாச்சி, முட்டைத்தூள்ல செஞ்சது. கல்லு மாதிரி இருந்தா என்னைத் திட்டாதீங்க, செவ்வாயைத் திட்டுங்க."

ரசலையனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். சிரித்தால் எண் இறங்கிவிடும்.

"வச்சிட்டுப் போம்மா. இனி வராண்டாம். எனக்குக் கொஞ்ச நாளு தனியா இருக்கணும்."

அவள் முகம் வாடியது. "சரி அண்ணாச்சி. தட்டு...?"

"பொறவு தாறேன்."

வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கலாகாது. போட்டுக் கொடுக்கவும் ஒன்றுமில்லை. தட்டு அவரிடமே தங்கிவிட்டது. அதற்குப் பின் அவர் கதவைத் திறக்கவேயில்லை. எட்டு புள்ளி ஒன்று, எட்டரை, எட்டு புள்ளி ஒன்பது. ஒரு மனிதன் தன் சோர்வுக்குத் தானே நீரூற்றி வளர்ப்பதை ஆண்டவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்து நான்காம் தேதி மாலை வாத்தியக்காரர்கள் வந்தார்கள்.

"ரசலையன். எட்டு புள்ளி ஒன்பது. தகுதி பெற்றுவிட்டீர்கள், வாழ்த்துகள்," என்றது சாக்ஸபோன் இயந்திரம்.

அதே பாட்டு, ஒரு பிசிறில்லை. தேம்பும் இடம் வந்ததும் ரசலையன் பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பாட்டு முடிந்து அளந்தபோது எண் ஒன்பதைத் தாண்டியிருந்தது.

"நாளையும் வருவோம்," என்று சொல்லி இயந்திரங்கள் நேரே எதிர்க் கதவுக்குப் போயின.

"அங்க யாருக்கு?"

"ஜுலைகா. ஒன்பது புள்ளி நான்கு."

"அவ நல்லாத்தானே இருந்தா?"

"பதினெட்டாம் தேதிவரை மூன்று. தினமும் எதிர்வீட்டுக்குத் தட்டு கொண்டுபோவது அவர் தாமே கண்டுபிடித்த மருந்து என்று குறிப்பில் உள்ளது. அது நின்றுவிட்டது."

ரசலையன் உள்ளே ஓடினார். அடுக்களையில், எஸ்தர் கேக்குக்காகப் பத்திரப்படுத்தி, அவர் தொட மனமில்லாமல் விட்டிருந்த முந்திரிப் பருப்பு ஐந்து மிஞ்சியிருந்தது. தட்டில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே சாக்ஸபோன் முதல் வரியில் இருந்தது.

"தட்டு கொண்டு வந்தேம்மா. நான் செஞ்சது தப்பு."

ஜுலைகா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தாள். "அஞ்சே பருப்பா? இதுக்கா அண்ணாச்சி ஆறு நாளு எடுத்தீங்க?"

இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. சாக்ஸபோன் பாதி வரியில் நின்றது. இயந்திரம் இருவர் நெற்றியையும் தொட்டு அளந்தது.

"இருவருக்கும் எண் நான்குக்குக் கீழே. சிகிச்சை தேவையில்லை," என்று சொல்லிவிட்டு இயந்திரங்கள் வெளியேறின.

"அட, தச்சனுக்கு இன்னும் இடமே கெடைக்கலியே!" என்றாள் ஜுலைகா.

மிச்சத்தை ரசலையன் தம் உடைந்த குரலில் பாடினார். சுருதி எங்கெங்கோ போயிற்று. அவள் தட்டில் கரண்டியால் தாளம் போட்டாள், அதுவும் தப்பு. எஸ்தர் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

வெளியே நீண்ட நடையில் நாற்பது கதவுகள் சாத்தியிருந்தன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அதே பாட்டு, ஒற்றை ஆளுக்காகப் பிசிறில்லாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் தமக்கு இந்த வருடம் தகுதி கிடைத்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.